வாக்கில் வென்றும் சட்டம் அசையாதது ஏன்? அமெரிக்க மாநிலத் தேர்தல் முடிவுகளும் கருக்கலைப்புத் தடையும்

செங்காந்தள்:
விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். 2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவில் பத்து மாநிலங்களில் கருக்கலைப்பு குறித்து மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். புளோரிடாவில் 57.2 விழுக்காடு பேர் உரிமைக்கு ஆதரவு. ஆனால் ஆறு வாரத் தடை அப்படியே நிற்கிறது. மிசூரியில் வெறும் 51.6 விழுக்காடு, அங்கே தடை விழுந்ததாகச் செய்தி. விழுந்த பிறகும் கிளினிக்குகள் திறப்பதும் மூடுவதுமாக மாதக்கணக்கில் இழுத்தது. கென்டக்கியில் 2022-லேயே தடை ஆதரவாளர்கள் வாக்கெடுப்பில் தோற்றார்கள், தடையோ இன்றுவரை இருக்கிறது. முடிவுகளை வெறும் சதவீதமாகப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பொருநை:
முதலில் பார்க்க வேண்டியது, வெற்றிக்கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதை. மாநிலத்துக்கு மாநிலம் அது வேறு.

புளோரிடாவில் அரசியல் சாசனத் திருத்தம் நிறைவேற 60 விழுக்காடு வேண்டும். இந்த விதி 2006-ல் ஒரு வாக்கெடுப்பு மூலமே வந்தது. அந்த விதி அன்று பெற்றது 58 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. தான் விதித்த கோட்டைத் தானே தாண்டாத விதி, 2024-ல் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் 'ஆம்' வாக்கைத் தோல்வி என்று எழுத வைத்தது. டிரம்ப் அதே நாளில் அங்கே பெற்றது 56.1 விழுக்காடு. வேட்பாளருக்கு அது மாபெரும் வெற்றி, அதைவிடக் கூடுதலாகப் பெற்ற திருத்தத்துக்குத் தோல்வி.

கொலராடோவில் சாசனத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்க 55 விழுக்காடு வேண்டும். அங்கே ஏறத்தாழ 62 கிடைத்ததால் சிக்கல் வரவில்லை. நெவாடாவில் மனு வழி (மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றும் வழி) வரும் சாசனத் திருத்தம் அடுத்தடுத்த இரண்டு பொதுத்தேர்தல்களில் வெல்ல வேண்டும். 2024-ல் 64 விழுக்காடு கிடைத்தும் 2026 நவம்பரில் மறுபடி வாக்குச்சீட்டில் வரும். மிசூரி, ஓஹையோ, மிச்சிகன், அரிசோனா, மொன்டானா ஆகியவற்றில் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும்.

இந்தக் கோட்டை நகர்த்துவதே பல இடங்களில் முதல் போராட்டம். ஓஹையோவில் 2023 ஆகஸ்ட் 8 அன்று ஒரு தனித் தேர்தல் வைத்தார்கள். திருத்தத்துக்கு 60 விழுக்காடு வேண்டும், மனுவுக்கான கையெழுத்தை 44 கவுன்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) திரட்டினால் போதும் என்பதை 88 கவுன்டிகளாக உயர்த்த வேண்டும் என்பது கேள்வி. வாக்குப்பதிவு குறையும் என்பதால் ஆகஸ்ட் தேர்தல்களையே பெரும்பாலும் வேண்டாம் என்று சட்டம் போட்ட அதே சட்டமன்றம்தான் அதை ஆகஸ்டில் வைத்தது. 57 விழுக்காடு பேர் 'இல்லை' என்றார்கள். மூன்று மாதம் கழித்து நவம்பர் 7-ல் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் ஏறத்தாழ 57 விழுக்காட்டில் நிறைவேறியது. ஆகஸ்டில் கோடு நகர்ந்திருந்தால் நவம்பர் முடிவு தோல்வியாகியிருக்கும். ஆகஸ்ட் வாக்குச்சீட்டில் கருக்கலைப்பு என்ற சொல்லே கிடையாது.

மலர்விழி:
கென்டக்கி பற்றி நான் சொல்கிறேன். அங்கே 2022 நவம்பரில் கேட்ட கேள்வி, "கருக்கலைப்புக்கு இந்தச் சாசனத்தில் உரிமை இல்லை என்று எழுதலாமா?" என்பது. 52 விழுக்காட்டுக்குச் சற்று மேல் 'இல்லை' என்றார்கள். அதன் சட்டப் பொருள் ஒன்றே ஒன்று: அந்த வாசகம் சாசனத்தில் ஏறாது. உரிமை உண்டு என்று எழுதவில்லை, தடைச் சட்டத்தை நீக்கவும் இல்லை. தடை சட்டமன்றம் இயற்றிய சாதாரணச் சட்டம், அது தன் பாட்டுக்கு நின்றது. 2023 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க மறுத்துவிட்டது.

கான்சஸிலும் 2022 ஆகஸ்ட் 2 அன்று இதே வகைக் கேள்விதான். 59-க்கு 41 என்று தோற்றது. அங்கே மட்டும் ஏன் பலன் இருந்தது? ஏனென்றால் 2019-லேயே கான்சஸ் உச்ச நீதிமன்றம் மாநிலச் சாசனத்தில் இந்த உரிமை இருக்கிறது என்று தீர்ப்பளித்திருந்தது. 'இல்லை' வாக்கு அந்தத் தீர்ப்பைக் காப்பாற்றியது. கென்டக்கியில் காப்பாற்ற எதுவும் இல்லை. ஒரே விடை, ஒரே ஆண்டு, பலன் நேரெதிர். ஆகவே 'இல்லை' வென்றால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கொண்டாடவும் கூடாது, கலங்கவும் கூடாது.

செங்காந்தள்:
இது எனக்குத் தெரியாது அக்கா, நன்றி. மிசூரி?

மலர்விழி:
மிசூரியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாக்கு வென்ற பிறகு என்னென்ன முட்டுக்கட்டை வரும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

2022 ஜூன் 24 அன்று கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கியிருந்த 1973 ரோ தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளிய அதே நாளில் அங்கே முழுத் தடை அமலுக்கு வந்தது. 2024 நவம்பரில் மூன்றாம் எண் திருத்தம் வென்றது, 30 நாள் கழித்து டிசம்பர் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. கரு தாயின் வயிற்றுக்கு வெளியே பிழைக்கக்கூடிய நிலை வரும்வரை அரசு தலையிடக் கூடாது என்பது அதன் சாரம். மறுநாள் கிளினிக் திறந்துவிடலாம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்போம்.

திறக்கவில்லை. சாசனம் மாறினாலும் பழைய சட்டங்கள் ஏட்டிலிருந்து தானாக அழிவதில்லை. ஒவ்வொன்றையும் நீதிமன்றத்தில் நிறுத்தி, புதிய சாசனத்துக்கு முரண் என்று சொல்ல வைக்க வேண்டும். டிசம்பர் 20 அன்று நீதிபதி தடையை நிறுத்திவைத்தார். ஆனால் உரிம விதிகளைத் தொடவில்லை. தாழ்வாரம் எவ்வளவு அகலம், அறை எவ்வளவு பெரிது, ஒவ்வொரு பெண்ணுக்கும் இடுப்புப் பகுதி உட்பரிசோதனை கட்டாயம் என்று அந்த விதிகள் போகும். மாத்திரை மட்டும் வாங்க வந்தவருக்கும் அதே பரிசோதனை. அந்த உரிமம் இல்லாமல் கிளினிக் இயங்க முடியாது, ஆகவே தடை நிறுத்தப்பட்டும் சேவை இல்லை. 2025 பிப்ரவரி 14 அன்றுதான் உரிம விதிகளும் நிறுத்தப்பட்டன. சில நாளில் அறுவை முறைக் கருக்கலைப்பு தொடங்கியது. மாத்திரை முறை தொடங்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு 'சிக்கல் நேர்ந்தால் என்ன செய்வோம்' திட்டத்தை அரசுத் துறை ஏற்க வேண்டும்.

மே 27 அன்று மாநில உச்ச நீதிமன்றம், கீழ் நீதிபதி தவறான அளவுகோலை வைத்து அந்தச் சட்டங்களை இடைக்காலமாக நிறுத்திவிட்டார், சரியான அளவுகோலில் மறுபடி பாருங்கள் என்றது. கிளினிக்குகள் மீண்டும் நிறுத்தின. ஜூலை 3 அன்று அதே நீதிபதி, சொன்ன அளவுகோலிலேயே பார்த்து, மறுபடி தடைச் சட்டங்களை நிறுத்தினார். இத்தனைக்கும் திருத்தத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அந்த வாரங்களில் நேரம் குறித்து வைத்திருந்த பெண்கள் இல்லினாய்க்கும் கான்சஸுக்கும் வண்டி ஏற வேண்டியிருந்தது. கர்ப்பத்தில் ஒரு வாரம் என்பது சிறிய விஷயமல்ல.

கொங்கன்:
நான் தடையை ஆதரிக்கும் பக்கம். கருவும் உயிர் என்பது என் நிலைப்பாடு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வாதத்தை ஜனநாயகம் என்ற தளத்திலேயே வைக்கிறேன்.

சட்டமன்றமும் மக்கள் தேர்ந்தெடுத்ததுதானே? தடைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர்களை 2022 நவம்பரில் மக்கள் தண்டிக்கவில்லை. ஓஹையோவில் டிவைன், ஜார்ஜியாவில் கெம்ப், டெக்சாஸில் அபாட், புளோரிடாவில் டிசான்டிஸ், நால்வரும் மறுபடி வென்றார்கள். டிசான்டிஸ் ஏறத்தாழ 19 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். (அமெரிக்க ஆளுநர் நம்மூர் ஆளுநர்போல டெல்லி அனுப்பி வைப்பவர் அல்ல, நம் முதலமைச்சரைப் போல மக்கள் வாக்கில் வருபவர். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) சாசனம் என்பது எளிதில் மாறக் கூடாத ஏடு. அதற்கு 60 விழுக்காடு கேட்பதில் தவறில்லை. தெற்கு டகோட்டாவில் உரிமைத் திருத்தம் 2024-ல் பாதி வாக்குகூடப் பெறவில்லை, அதையும் மக்கள் தீர்ப்பாகத்தான் ஏற்க வேண்டும்.

பொருநை:
தெற்கு டகோட்டாவை ஏற்கிறேன் கொங்கன் சார். அங்கே 58 விழுக்காட்டுக்கு மேல் எதிர்த்தார்கள், அதில் வாதமில்லை.

ஆனால் ஆளுநர் வாக்கையும் கேள்வி வாக்கையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் சொன்ன ஓஹையோவிலேயே பாருங்கள். டிவைனை 2022-ல் பெரும் வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்த மாநிலம்தான் அடுத்த ஆண்டு அவர் கையெழுத்திட்ட சட்டத்தின் வேரை அறுத்தது. மிசூரியில் டிரம்ப் 58 விழுக்காடு, அதே சீட்டில் மூன்றாம் எண் திருத்தமும் வெற்றி. மொன்டானாவில் டிரம்புக்கும் ஏறத்தாழ 58, உரிமைத் திருத்தத்துக்கும் ஏறத்தாழ 58. ஆட்சிக்கு ஒரு கட்சி, இந்த விஷயத்தில் வேறு முடிவு என்று லட்சக்கணக்கானோர் ஒரே சீட்டில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கேள்வியைத் தனியாகக் கேட்கும் வழி இருந்தால்தான் இந்தப் பிரிவு வெளியே தெரியும்.

டெக்சாஸ், ஜார்ஜியா, டென்னசி, அலபாமா, லூயிசியானாவில் மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றும் வழியே இல்லை. மிசிசிப்பியில் இருந்தது, 2021-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஐடஹோவில் மனு வழியாகச் சாதாரணச் சட்டம்தான் கொண்டுவரலாம், சட்டமன்றம் அடுத்த கூட்டத்தொடரிலேயே அதைத் திருத்திவிட முடியும்.

அலைவாய்:
மனு வழி இருந்தாலும் காகிதத்தில் தடுக்கி விழலாம். ஆர்கன்சா 2024. தேவை 90,704 கையெழுத்து. ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். கூலிக்குக் கையெழுத்துத் திரட்டியவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்கான சான்றை விதிப்படி சேர்க்கவில்லை என்று மாநிலச் செயலர் மனுவையே நிராகரித்தார். கூலி ஆட்கள் திரட்டியதைக் கழித்தால் தொண்டர்கள் திரட்டியது மட்டும் சுமார் 87,700. மூவாயிரம் குறைவு. ஆகஸ்ட் 22 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று நிராகரிப்பை உறுதிசெய்தது. கேள்வி சீட்டுக்கே வரவில்லை.

மனு இயக்கம் நடத்துபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: தேவைக்கு மேல் பத்து விழுக்காடு போதும் என்ற கணக்கு உதவாது. தொண்டர் கையெழுத்து மட்டுமே தனியாகக் கோட்டைத் தாண்டும்படி திரட்ட வேண்டும். கூலி ஆட்களுக்கான உறுதிச்சான்றைக் கையெழுத்துக் கட்டுகளோடு ஒரே தவணையில், ஒரே கையால் கொடுக்க வேண்டும்.

செங்காந்தள்:
நெப்ராஸ்காவில் இரண்டு கேள்வி ஒரே சீட்டில் இருந்தது என்று படித்தேன். அதில் எது வென்றது?

அலைவாய்:
434-ம் எண் கேள்வி வென்றது, சுமார் 55 விழுக்காடு. 439 சுமார் 49 பெற்றுத் தோற்றது. 439 உரிமைத் திருத்தம். 434 கர்ப்பத்தின் இரண்டாம், மூன்றாம் பகுதியில் கருக்கலைப்பு கூடாது என்பது, மருத்துவ அவசரமும் வன்கொடுமையும் விதிவிலக்கு. படித்தவுடன் "அப்படியானால் முதல் மூன்று மாதம் பாதுகாப்பு" என்று தோன்றும். வாசகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. முதல் பகுதியில் சட்டமன்றம் இன்னும் இறுக்கிக்கொள்ளத் தடையேதும் கிடையாது. அங்கே 2023-லிருந்து 12 வாரத் தடைதான் நடைமுறை.

அதே 2023-ல் ஆறு வார மசோதா ஒரே ஒரு வாக்கில் நின்றுபோனது. விவாதத்தை முடிக்க 33 வேண்டும், 32 கிடைத்தது.

கொங்கன்:
434-ஐ ஏமாற்று என்று சொல்லவருகிறீர்களா? அதன் வாசகம் முழுமையாக அச்சிடப்பட்டுத்தானே இருந்தது.

அலைவாய்:
அப்படிச் சொல்லவில்லை சார். 434-ன் வாசகத்தில் வரும் 'பாதுகாக்கும்' என்ற சொல் கருவைக் குறிக்கிறதா, உரிமையைக் குறிக்கிறதா என்பதை வினைச்சொல்லின் செயப்படுபொருளைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியும். வாசகர் யாராக இருந்தாலும், எந்தப் பக்கமாக இருந்தாலும், தலைப்பைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

பொருநை:
ஒரே ஒரு வாக்கு சட்டத்தை முடிவு செய்வது பற்றி அலைவாய் சொன்னது நல்ல தொடக்கம். வட கரோலினாவை யாரும் தொடவில்லை.

அங்கே ஆளுநரின் மறுப்பை முறியடிக்க ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். 50 பேர் செனட்டில் 30, 120 பேர் கீழவையில் 72. 2022 நவம்பரில் தடையை ஆதரிக்கும் குடியரசுக் கட்சிக்கு செனட்டில் சரியாக 30, கீழவையில் 71. ஒன்று குறைவு. தேர்தல் இரவில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் கூப்பரின் மறுப்பு பிழைத்தது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். 2023 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் டிரிசியா கோத்தம் கட்சி மாறினார். 72. மே மாதம் 20 வார வரம்பை 12 வாரமாகக் குறைக்கும் மசோதா வந்தது. மே 13 கூப்பர் மறுத்தார், மே 16 இரு அவைகளும் முறியடித்தன: 30-20, 72-48. ஜூலை 1 முதல் அமல். 72 மணி நேரத்துக்கு முன் நேரில் வந்து ஆலோசனை பெற வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. வெளியூர்ப் பெண்ணுக்கு அது இரண்டு பயணம்.

2024-ல் அதே கீழவை மறுபடி 71-க்கு இறங்கியது. இனி புதிய தடை வருவது கடினம், ஆனால் இருக்கும் 12 வாரச் சட்டத்தை நீக்க 61 வேண்டும், அது கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. வந்த சட்டம் நிற்பதற்கு யாரும் வாக்களிக்க வேண்டியதில்லை.

மலர்விழி:
நீதிபதி தேர்தலையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. விஸ்கான்சினில் மனு வழி கிடையாது, சட்டமன்றமும் தடை ஆதரவாளர் கையில். அங்கே கதவு திறந்தது நீதிமன்றத்தில்தான்.

1849-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏட்டில் இருந்தது. 2022 ஜூனில் கிளினிக்குகள் அதற்குப் பயந்து நிறுத்தின. 2023 ஏப்ரல் 4 அன்று மாநில உச்ச நீதிமன்றத்தின் ஓர் இருக்கைக்கு ஜேனட் புரோட்டசேவிச் சுமார் 11 புள்ளியில் வென்றார். ஏழு பேர் நீதிமன்றம் உரிமையை ஆதரிக்கும் பக்கம் 4-3 என்று சாய்ந்தது. 2025 ஏப்ரல் 1 அன்று சூசன் கிராஃபோர்ட் வென்று அந்தச் சாய்வு நிலைத்தது. 2025 ஜூலை 2 அன்று அதே 4-3 கணக்கில், பிற்காலச் சட்டங்கள் 1849 சட்டத்தை ஏற்கெனவே விழுங்கிவிட்டன என்று தீர்ப்பு. ஆனால் 20 வார வரம்பும் 24 மணி நேரக் காத்திருப்பும் அங்கே இன்றும் உண்டு. தீர்ப்பு ஒரு சட்டத்தைத்தான் எடுத்தது.

இதே காரணத்துக்காகத்தான் கான்சஸில் 2026 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா என்று வாக்கெடுப்பு குறித்திருக்கிறார்கள். இப்போது குழு பரிந்துரைக்க ஆளுநர் நியமிக்கிறார். 2019 தீர்ப்பை 2022-ல் சாசனத்தால் மாற்ற முடியவில்லை. தீர்ப்பு சொல்லும் இருக்கைகள் மாறினால் அதே இடத்துக்கு வேறு வழியில் வரலாம். இந்தச் சீட்டிலும் கருக்கலைப்பு என்ற சொல் இருக்காது.

செங்காந்தள்:
ஆறு வாரம் என்பது எதிலிருந்து எண்ணுவது? பல செய்திகளில் "கருத்தரித்து ஆறு வாரம்" என்று எழுதுகிறார்கள்.

மலர்விழி:
அது தவறு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு மாதவிலக்கு தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் முடிந்திருக்கும். மீதம் இரண்டு வாரம். புளோரிடாவில் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நேரில் போக வேண்டும், அதையும் அந்த இரண்டு வாரத்துக்குள் அடக்க வேண்டும். சுழற்சி ஒழுங்கில்லாதவருக்கு அந்த இரண்டு வாரமும் கிடையாது.

கொங்கன்:
இத்தனை மாநிலம் பேசினோம், தேசிய அளவில் என்ன? 2024-ல் வெள்ளை மாளிகை, செனட், கீழவை மூன்றும் குடியரசுக் கட்சிக்கு வந்தும் தேசியத் தடை வரவில்லை. எங்கள் தரப்பில் பலருக்கு அது வருத்தம்.

பொருநை:
செனட்டில் 53 இடம். விவாதத்தை முடிக்க 60 வேண்டும். அந்த விதி இருக்கும்வரை தேசியத் தடையும் கடினம், தேசிய உரிமைச் சட்டமும் கடினம். 2022 மே மாதம் ஜனநாயகக் கட்சி கொண்டுவந்த உரிமை மசோதா 49-51 என்று நின்றது அதே சுவரில்தான்.

ஆனால் 60 தேவைப்படாத கருவிகள் உண்டு, தேர்தல் முடிவு உடனே வேலை செய்வது அவற்றில்தான். 2025 ஜனவரி 23 அன்று கிளினிக் வாயில் மறியல் வழக்குகளில் தண்டிக்கப்பட்ட 23 பேருக்கு மன்னிப்பு. மறுநாள், கருக்கலைப்பு ஆலோசனை தரும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு நிதி நிறுத்தும் கொள்கை மீண்டும். ஜூன் 3 அன்று, அவசர சிகிச்சைப் பிரிவில் உயிரைக் காக்கக் கருக்கலைப்பு தேவைப்பட்டால் செய்யவேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு 2022-ல் தந்த வழிகாட்டல் திரும்பப்பெறப்பட்டது. மூலச் சட்டம் 1986-லிருந்து இருக்கிறது, அது ரத்தாகவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருக்கும் மருத்துவர், மாநிலத் தடையின் சிறைத்தண்டனையைப் பார்த்தபடி சட்டப் பிரிவை விளக்கிக்கொண்டிருக்க முடியாது, அவருக்கு வழிகாட்டல்தான் துணை. ஜூலை 4 வரவுசெலவுச் சட்டம் கருக்கலைப்புச் சேவை தரும் திட்டமிட்ட பெற்றோர்மை கூட்டமைப்பு (Planned Parenthood) போன்ற பெரிய அமைப்புகளுக்கு மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணத்தை ஓராண்டுக்கு நிறுத்தியது. அந்த வகை வரவுசெலவு மசோதாவுக்கு செனட்டில் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது மைஃபெப்ரிஸ்டோன் என்ற கருக்கலைப்பு மாத்திரையின் விதிகள். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்குப் போட்டவர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்று மட்டும்தான் ஒன்பது பேரும் சொன்னார்கள். மாத்திரை சரியா தவறா என்று தொடவில்லை. தபாலில் அனுப்பும் விதியை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தன் அதிகாரத்திலேயே மாற்ற முடியும். கருக்கலைப்புப் பொருட்களைத் தபாலில் அனுப்பத் தடை சொல்லும் 1873-ம் ஆண்டு காம்ஸ்டாக் சட்டமும் இன்னும் ஏட்டில் இருக்கிறது.

அலைவாய்:
இந்தியாவோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. இங்கே 1971 மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நாடாளுமன்றச் சட்டம், 2021 திருத்தத்தில் குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம். மாநிலத் தேர்தல் முடிவு அதைத் தொடாது. அங்கே வசிக்கும் நம்மவர்களுக்கு வாக்குரிமை இல்லாவிட்டாலும் குடியிருக்கும் மாநிலத்தின் சட்டம் முழுமையாகப் பொருந்தும். டாலஸில் இருப்பவருக்கும் சிகாகோவில் இருப்பவருக்கும் அது வேறு வேறு.

செங்காந்தள்:
மிசூரியில் 2026 நவம்பரில் மறுபடி வாக்கெடுப்பு என்கிறார்களே?

மலர்விழி:
ஆமாம். 2025 மே மாதம் சட்டமன்றம் நிறைவேற்றி மக்களுக்கு அனுப்பியது. 2024 திருத்தத்தை நீக்கி, மருத்துவ அவசரம், கருவின் கடுமையான குறைபாடு, 12 வாரத்துக்குள் வன்கொடுமை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. சிறாருக்கான பாலின மாற்றச் சிகிச்சைத் தடையும் அதே கேள்வியில் கட்டப்பட்டிருக்கிறது. மிசூரி நண்பர்கள் யாராவது படித்தால் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 2024-ல் உரிமையைத் தந்தது மூன்றாம் எண் திருத்தம், இப்போது வருவதற்கும் மூன்றாம் எண்தான். அன்று 'ஆம்' என்றால் உரிமை வரும், இந்த முறை 'ஆம்' என்றால் அது போகும்.